பழைய தேக்குக் கட்டில் பலகையில் மின்கிட்டார்: கழுத்தையும் நாமே செய்யலாமா?

ஈசூன் அப்பா (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். ஐந்தாண்டுகளாக வீணை கற்றுவரும் என் மகளுக்கு இப்போது மின்கிட்டார் மீது ஆசை வந்திருக்கிறது. கடையில் ஒன்றை வாங்கித் தருவது எளிதுதான். ஆனால் வீடு மாறியபோது பிரித்துவைத்த என் தந்தையாரின் தேக்குக் கட்டில் இரண்டாண்டுகளாகச் சேமிப்பறையில் கிடக்கிறது. அந்தப் பலகைகளைக் கொண்டு நாங்கள் இருவரும் சேர்ந்து ஒரு கிட்டாரைச் செய்யலாம் என்று அவளே யோசனை சொன்னாள். எனக்கும் அது பிடித்துவிட்டது.

கப்பல் பட்டறையில் பொருத்துநராக இருபது ஆண்டுகள் வேலை பார்த்தவன் என்பதால் அளப்பதும் அரம் பிடிப்பதும் எனக்குப் புதிதல்ல. மரவேலையில்தான் அனுபவம் குறைவு. கட்டிலின் தலைப்பலகை 25 மில்லிமீட்டர் தடிமன் உள்ளது. கருவிகளின் செலவு நீங்கலாக 600 வெள்ளி வரை ஒதுக்கியிருக்கிறேன்.

தேக்கு இதற்கு ஏற்ற மரமா என்பது முதல் ஐயம். இரண்டாவது, கழுத்தைப் பற்றியது. வீணை செய்பவர் மெழுகை இளக்கி, காதால் கேட்டுக் கேட்டு, சுர இடங்களைக் குறிக்கும் உலோகப் பட்டைகளான மெட்டுகளைப் பதிப்பதை என் மகள் பார்த்திருக்கிறாள். கிட்டாரின் மெட்டுகளையும் அப்படியே நாமே பதித்துவிடலாம் என்கிறாள். தந்தியின் அசைவை மின்சாரமாக்கும் பிக்கப் வகைகளில் எதைத் தேர்ந்தெடுப்பது என்பதிலும் தெளிவில்லை. கடைசியாக, எங்களுடையது சிங்கப்பூரில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீடு, பக்கத்து வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது. இந்த நிலையில் எந்த ஆம்ப்ளிஃபயர் வாங்குவது முறை?

தச்சுப்பிரியன்

வணக்கம் ஐயா. இதுவரை நான்கு கிட்டார்கள் செய்திருக்கிறேன். அவற்றில் முதலாவது இப்போது சுவரில் அலங்காரமாகத் தொங்குகிறது. அதன் கழுத்தையும் நானே செய்தேன் என்பதுதான் காரணம். ஆகவே உங்கள் இரண்டாவது கேள்விக்கு முதலில் விடை சொல்கிறேன்: உடலை நீங்கள் செய்யுங்கள், கழுத்தை விலைக்கு வாங்குங்கள்.

வீணையில் மெட்டுகள் மெழுகின் மேல் நிற்பதால், ஒன்று பிசகினால் மீண்டும் இளக்கி நகர்த்திக்கொள்ளலாம். கிட்டாரிலோ கழுத்தின் மேலுள்ள விரற்பலகையில் சுமார் 0.6 மில்லிமீட்டர் அகலத்துக்கு அறுத்த வெட்டுக்குள் மெட்டுக்கம்பியை அடித்து இறக்குகிறோம். அறுத்த இடம் அறுத்த இடம்தான். தந்தி அதிரும் நீளம் 648 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், அதை 17.817ஆல் வகுக்கக் கிடைக்கும் 36.37 மில்லிமீட்டரில் முதல் மெட்டு வரும்; மீதமுள்ள நீளத்தை மறுபடியும் அதே எண்ணால் வகுத்தால் அடுத்த மெட்டு, இப்படியே போனால் 12ஆவது மெட்டு மிகச் சரியாகப் பாதி நீளத்தில், அதாவது 324 மில்லிமீட்டரில் வந்து நிற்கும். முதல் மெட்டில் ஒரு மில்லிமீட்டர் தவறினால் அது அரைச்சுரத்தில் முப்பத்தாறில் ஒரு பங்குதான், பலர் காதுக்குத் தெரியாது. 20ஆவது மெட்டில் அதே பிழை பன்னிரண்டில் ஒரு பங்காகிவிடும். வீணை பழகிய காது அதை நிச்சயம் கண்டுபிடித்துவிடும்.

அளவைக்கூட நீங்கள் சமாளித்துவிடுவீர்கள். வளைவுதான் என்னைத் தோற்கடித்தது. 10-46 என்று விற்கப்படும் சாதாரணத் தந்திக் கட்டு முழுச் சுருதியில் சுமார் 46 கிலோ எடைக்குச் சமமான விசையுடன் கழுத்தை இழுக்கிறது. கிப்சன் கிட்டார் நிறுவனத்தில் தாடியஸ் மெக்ஹ்யூ உருவாக்கி 1923இல் காப்புரிமை பெற்ற ட்ரஸ் ராட் என்னும் எஃகுத் தண்டு, அந்த இழுப்பை எதிர்த்துக் கழுத்தைத் திருத்திக்கொள்ள உதவுகிறது. ஆனால் கழுத்து முன்னும் பின்னும் வளைந்தால்தான் அது திருத்தும். முறுக்கிக்கொண்டால் அதனால் பயனில்லை. என் கழுத்து முறுக்கிக்கொண்டது.

அதற்கு நம் ஊர் ஈரப்பதமே காரணம். இங்கே காற்றின் ஈரப்பதம் சராசரியாக 80 விழுக்காட்டுக்கு மேல் இருப்பதால், திறந்த அறையில் கிடக்கும் மரம் தன் எடையில் ஏறக்குறைய 15, 16 விழுக்காடு நீரைப் பிடித்துவைத்திருக்கும். 60 விழுக்காடு ஈரப்பதமுள்ள குளிரூட்டிய அறையிலோ அது 11 விழுக்காட்டை ஒட்டி இறங்கிவிடும். நான் தாழ்வாரத்தில் வைத்து இழைத்தேன், முடித்ததும் குளிரூட்டி ஓடும் படுக்கையறையில் மாட்டினேன். மூன்றே மாதத்தில் விரற்பலகை சுருங்கி, மெட்டுகளின் முனைகள் ஓரத்தில் முள் போல நீட்டிக்கொண்டன. ஆறாம் மாதத்தில் முறுக்கும் தெரிந்தது. ஆகையால் கிட்டார் எந்த அறையில் வாழப்போகிறதோ அதே அறையில் பலகைகளை இப்போதே கொண்டுபோய், காற்றுப் போக இடையில் குச்சிகள் வைத்து, ஒரு மாதமாவது அடுக்கிவையுங்கள்.

இனித் தேக்கு. ஈரத்தால் அதிகம் அசையாத மரம் என்பதால் நம் தட்பவெப்பத்துக்கு நல்லதே. எடைதான் குறை. வழக்கமாகப் பயன்படும் ஆல்டர் மரத்தைவிட இது அடர்த்தியானது; ஸ்ட்ராட்டோகாஸ்டர் என்னும் புகழ்பெற்ற கிட்டாரின் வடிவத்தில் செய்தால் முக்கால் கிலோ அளவுக்குக் கூடும். உங்கள் மகளின் தோளுக்காக உட்புறத்தில் சில அறைகளைக் குடைந்துவிடலாம். உடலுக்கு 45 மில்லிமீட்டர் தடிமன் தேவை என்பதால் இரண்டு பலகைகளை ஒட்டி இழைக்க வேண்டும். தேக்கில் இயல்பாகவே எண்ணெய்ப் பசை இருப்பதால், இழைத்த முகத்தை அசிட்டோனால் துடைத்து, அது உலர்ந்தவுடன் தாமதிக்காமல் பசை பூசி இறுக்கிவிடுங்கள். மறுநாள் பார்க்கலாம் என்று விட்டால் எண்ணெய் மீண்டும் மேலே வந்துவிடும். பழைய கட்டில் என்பதால் ஒடிந்த ஆணிகள் உள்ளே இருக்கக்கூடும். வலுவான காந்தத்தை எல்லா இடத்திலும் ஓட்டிப் பார்த்த பிறகே இயந்திரத்தில் கொடுங்கள். மரத்தைக் குடையும் ரௌட்டர் இயந்திரத்தின் இரைச்சலையும் தூசியையும் வீட்டில் தாங்க முடியாது. சுங்கை காடுட் பக்கம் உள்ள மரப்பட்டறை எதிலாவது கேட்டு, இழைப்பதையும் குடைவதையும் அங்கே முடித்துக்கொள்வது அக்கம்பக்கத்தாருக்குச் செய்யும் மரியாதை.

கழுத்தை வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் 9 விழுக்காடு பொருள் சேவை வரியையும் கணக்கில் சேருங்கள். 400 வெள்ளிக்கு உட்பட்ட பொட்டலங்களுக்கும் 2023 முதல் அது உண்டு. விரற்பலகை ஈட்டி மரமாக இருந்தால் சுங்கத்தில் சிக்கல் வருமோ என்று சிலர் அஞ்சுகிறார்கள். அரிய உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் என்னும் அனைத்துலக உடன்பாட்டின்கீழ் 2017இல் வந்த கட்டுப்பாட்டிலிருந்து, செய்து முடித்த இசைக்கருவிகளுக்கும் அவற்றின் பாகங்களுக்கும் 2019இல் விலக்கு அளிக்கப்பட்டுவிட்டது.

ஈயப்பற்று

மர விஷயத்தில் நண்பர் சொன்னதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை. நான் மின்னணுப் பழுதுபார்ப்பவன். கம்பிகளைப் பற்றி மட்டும் பேசுகிறேன்.

பிக்கப் என்பது காந்தத்தைச் சுற்றிய செம்புக் கம்பிச் சுருள். எஃகுத் தந்தியின் அசைவை மின்சாரமாக்கும் அதே சுருள், வீட்டு மின்கம்பிகளின் 50 ஹெர்ட்ஸ் ரீங்காரத்தையும் சேர்த்தே பிடித்துக்கொள்ளும். கிப்சனில் சேத் லவர் 1955இல் உருவாக்கிய ஹம்பக்கரில் இரண்டு சுருள்கள் உண்டு. காந்த முனையும் சுற்றும் திசையும் ஒன்றில் மற்றதற்கு எதிராக அமைவதால் தந்தியின் ஒலி கூடுகிறது, ரீங்காரமோ ஒன்றையொன்று அடித்துக்கொண்டு மறைகிறது. நான்கு சுவருக்குள் குளிர்சாதனப் பெட்டி, வைஃபை, விளக்கொளி குறைக்கும் விசை என அனைத்தையும் நெருக்கி வைத்திருக்கும் வீடுகளில் ஹம்பக்கரே நிம்மதி. தெளிந்த, மணி போன்ற நாதம்தான் வேண்டும் என்று உங்கள் மகள் சொன்னால் ஒற்றைச் சுருள் கொண்ட சிங்கிள் காயில் போடுங்கள், ஆனால் ரீங்காரத்தோடு வாழப் பழக வேண்டும். கிட்டாரின் உட்குழிவில் மறைப்பாகச் செம்புத் தகடு ஒட்டினால் எல்லா இரைச்சலும் போய்விடும் என்பது தவறான நம்பிக்கை. மின்புலத்தால் வரும் சரசரப்பை அது தடுக்கும், காந்தப்புலத்தால் வரும் ரீங்காரத்தைத் தடுக்காது. கிட்டாரைக் கையில் பிடித்தபடி மெல்லத் திரும்பினால் ரீங்காரம் ஏறி இறங்குமானால், அது இரண்டாவது வகை.

ஹம்பக்கருக்கு 500 கிலோ ஓம் பொட் (குமிழால் மாற்றும் மின்தடை), சிங்கிள் காயிலுக்கு 250 கிலோ ஓம் பொட் என்பது வழக்கம். மதிப்பு குறையக் குறைய உச்ச ஒலிகள் மங்கும். டோன் குமிழுக்கு 0.022 மைக்ரோஃபாரட் மின்தேக்கி போதும். பழங்காலத்து மின்தேக்கி என்று சொல்லி இருபது மடங்கு விலைக்கு விற்பதை வாங்காதீர்கள். மதிப்பு ஒன்றாக இருந்தால் காதுக்கு வேறுபாடு தெரியாது. இவையெல்லாம் சிம் லிம் டவரில் சில வெள்ளிக்குக் கிடைக்கும்.

முதன்முதலில் செய்பவர்கள் பெரும்பாலும் மறப்பது, உடலின் மேல் தந்திகளைத் தாங்கும் குதிரையிலிருந்து பொட்டின் முதுகுக்கு ஓட வேண்டிய தரைக்கம்பியை. குதிரையைப் பொருத்துவதற்கு முன்பே அதற்குத் துளை போட்டுவிட வேண்டும். எல்லாம் முடிந்து ஒலி வந்த பிறகு தந்தியைத் தொட்டுப் பாருங்கள். இரைச்சல் குறைந்தால் தரைக்கம்பி சரியாக இருக்கிறது, மறைப்புத்தான் போதவில்லை என்று பொருள். தொட்டதும் கூடினால், ஆம்ப் கம்பியைச் செருகும் ஜாக்கில் இரண்டு கம்பிகளும் இடம் மாறியிருக்கலாம்.

ஆம்ப்ளிஃபயருக்கு வருவோம். வாட் பாதியானால் ஒலியும் பாதியாகும் என்று பலர் நினைக்கிறார்கள். 20 வாட்டுக்குப் பதில் 10 வாட் வாங்கினால் குறைவது 3 டெசிபல்தான். வெற்றிடக் குழாய்களால் இயங்கும் வால்வு ஆம்ப்பில் 5 வாட்கூடப் பக்கத்து வீட்டுத் தொட்டிலை எட்டிவிடும். ஆகவே காதில் மாட்டும் ஒலிப்பானைச் செருகும் வசதியுள்ள சிறிய டிஜிட்டல் ஆம்ப் ஒன்றை வாங்கிக்கொள்ளுங்கள். கிட்டாரைச் செய்துமுடித்த உற்சாகத்தில் வால்வு ஆம்ப்பையும் நாமே கட்டலாம் என்று இறங்கிவிடாதீர்கள்; மின்சாரத்தை நிறுத்திய பின்பும் அதன் மின்தேக்கிகளில் 300 வோல்ட்டுக்கு மேல் தேங்கியிருக்கும், அது உயிரைப் பறிக்கக்கூடியது.

பழைய மேடைக்காரன்

இருவரும் நன்றாகவே சொல்லியிருக்கிறார்கள், ஆனால் ஒரு படியைத் தாண்டிவிட்டார்கள் என்று தோன்றுகிறது. அந்தப் பெண் இதுவரை மின்கிட்டாரை வாசித்ததே இல்லை. கழுத்தின் பருமன் எப்படி இருக்க வேண்டும், எந்த பிக்கப்பின் நாதம் பிடிக்கும் என்பதெல்லாம் கையில் எடுத்துப் பார்க்காமல் தெரியாது. முதலில் பெனின்சுலா ஷாப்பிங் சென்டருக்கு அழைத்துச் சென்று, அங்குள்ள கடைகளில் நான்கைந்து கிட்டார்களை மடியில் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். தந்தி அதிரும் நீளத்தில் 648 மில்லிமீட்டரும் 628 மில்லிமீட்டரும் தாளில் அருகருகே நிற்கும் எண்கள். விரலுக்கு அவை வேறு வேறு கருவிகள். முடிந்தால் பழைய கிட்டார் ஒன்றை மலிவாக வாங்கி ஆறு மாதம் வாசிக்கட்டும், கட்டில் எங்கும் போய்விடாது.

மரத்தைப் பற்றி அதிகம் கவலைப்படவும் வேண்டாம். குவீன் ராக் இசைக்குழுவின் பிரையன் மே இன்றளவும் வாசிக்கும் கிட்டார், 1963இல் அவரும் அவருடைய தந்தையும் வீட்டில் தொடங்கியது. அதன் கழுத்து ஒரு பழைய கணப்படுப்பின் சட்டம். சுருதியை அசைக்கும் அதிர்வுத் தண்டுக்குப் பயன்பட்டவை பழைய மோட்டார் சைக்கிளின் வால்வுச் சுருள்வில்கள். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள்: பிக்கப்புகளை முதலில் தாமே சுற்றிப் பார்த்தவர், பிறகு அவற்றைக் கழற்றிவிட்டுக் கடையில் வாங்கியவற்றைத்தான் போட்டார்.

ஈசூன் அப்பா

மூவருக்கும் மிக்க நன்றி. சனிக்கிழமை மகளுடன் போய் வந்தேன். ஒரு மணி நேரம் வாசித்துப் பார்த்துவிட்டு, 628 மில்லிமீட்டர் கழுத்தே தன் கைக்கு இசைவாக இருக்கிறது என்றாள். ஹம்பக்கர் நாதமும் பிடித்துவிட்டது. பழைய கிட்டார் வாங்கும் யோசனையை மட்டும் அவள் ஏற்கவில்லை, தாத்தாவின் கட்டிலில் செய்த கிட்டாரில்தான் முதல் பாடம் என்கிறாள். அவள் விருப்பத்துக்கு நானும் இணங்கிவிட்டேன். பலகைகள் அவள் அறையில் அடுக்கப்பட்டுவிட்டன. தலைப்பலகையில் காந்தம் ஆறு இடங்களில் ஒட்டிக்கொண்டது. திருகிப் பொருத்தும் 628 மில்லிமீட்டர் கழுத்துக்குச் சொல்லியாகிவிட்டது. அதன் அடிப்பகுதி 56 மில்லிமீட்டர் அகலம்.

இன்னும் ஓர் ஐயம் இருக்கிறது. முதலில் குதிரையைப் பொருத்திவிட்டுக் கழுத்துக்கான பள்ளத்தைக் குடைவதா, அல்லது பள்ளத்தை முடித்த பிறகு குதிரைக்கு இடம் குறிப்பதா?

தச்சுப்பிரியன்

ஆறு ஆணிகள் என்றால் நீங்கள் பிழைத்தீர்கள், எனக்குப் பட்டறையில் ஒரு ரௌட்டர் முனையே போயிற்று.

எப்போதும் பள்ளம்தான் முதலில். உடலின் நடுவே ஒரு கோடு கீறி, அதற்கு இருபுறமும் சமமாக 56 மில்லிமீட்டர் அகலத்துக்கும் 16 மில்லிமீட்டர் ஆழத்துக்கும் பள்ளத்தைக் குடையுங்கள். அகலத்தைச் சற்றுக் குறைவாகவே விட்டுப் பிறகு உளியால் தேய்த்து, கழுத்து கையால் அழுத்தினால்தான் இறங்கும் என்ற நிலைக்குக் கொண்டுவாருங்கள். கழுத்தைத் தற்காலிகமாக இறுக்கிவிட்டு, கழுத்தின் தலைப்பக்கத்தில் தந்திகளைத் தாங்கும் மேல்முனைக் கட்டையின் இரண்டு ஓரப் பள்ளங்களிலிருந்தும் தையல் நூலைக் குதிரை வரை இழுத்துக் கட்டுங்கள். இரண்டு நூல்களும் விரற்பலகையின் இரு ஓரங்களிலிருந்தும் ஒரே தொலைவில் ஓடும்வரை குதிரையைப் பக்கவாட்டில் நகர்த்த வேண்டும்.

பிறகு நீளம். விற்பவர் சொன்ன எண்ணை நம்பாமல், மேல்முனைக் கட்டையிலிருந்து 12ஆவது மெட்டு வரை நீங்களே அளந்து, அதே அளவை அங்கிருந்து குதிரைப் பக்கம் குறியுங்கள். மெல்லிய தந்தியின் சேடிலை (குதிரையில் அந்தத் தந்தி அமரும் சிறு தாங்கி) அதன் திருகில் ஏறக்குறைய முழுவதும் முன்னே தள்ளிவைத்து, அது அந்தக் குறியின் மேல் நிற்கும்படி குதிரையை வையுங்கள். தடித்த தந்திகள் சுருதி சேர இன்னும் சில மில்லிமீட்டர் பின்னே போக வேண்டியிருக்கும் என்பதால், பின்னோக்கிய இடம்தான் உங்களுக்குத் தேவை. அதன் பிறகு, தரைக்கம்பிக்கான துளையைப் போட்டுவிட்டு, குதிரையின் திருகுகளுக்குத் துளையிடுங்கள்.