வேலைக்குத் திரும்பிவிட்டால் இஎஸ்ஐ ஊனத் தொகை கிடைக்காதா?

மண்டபம் ஐஸ்

வணக்கம். மண்டபத்தில் ஒரு மீன் கம்பெனியில் ஐஸ் பிரிவில் இருக்கிறேன். மாதம் 15,000 சம்பளம், இஎஸ்ஐ (தொழிலாளர் அரசு காப்பீடு) பிடிக்கிறார்கள். மாசி மாதக் கடைசியில் ஐஸ் உடைக்கிற மிஷினில் இடது கை மாட்டி, ஆள்காட்டி விரலும் நடுவிரலும் அடியோடு போய்விட்டன. வீட்டில் இருந்த நாட்களுக்கு இஎஸ்ஐயில் பணம் வந்தது, அதில் குறையில்லை. தடைக்காலம் முடிந்து படகுகள் கடலுக்குப் போனதும் கம்பெனியில் கூப்பிட்டார்கள். இப்போது எடை போட்டுக் கணக்கு எழுதும் வேலை. சம்பளம் குறைக்கவில்லை.

விரல் போனதற்கு இஎஸ்ஐயில் நிரந்தரமாக ஏதாவது தருவார்களா என்று கம்பெனி ஆபீஸில் கேட்டேன். "சம்பளம் வாங்கிக்கொண்டு அங்கேயும் வாங்கினால் இரட்டைப் பணம், கேஸ் ஆகிவிடும்" என்கிறார்கள். மச்சானோ, 40 சதவீதம் ஊனம் என்று கார்டு இருந்தால்தான் எதுவும் கிடைக்கும் என்கிறான். பணத்தைவிட கேஸ் என்ற சொல்தான் தூங்கவிடவில்லை. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பாம்பன் கரை

தம்பி, முதலில் பயத்தை விடு. தூத்துக்குடியில் லேத் பட்டறையில் இருந்தபோது எனக்கு வலது கட்டைவிரல் போனது. 30 சதவீதம் போட்டார்கள். அன்றிலிருந்து மாதாமாதம் வங்கிக் கணக்கில் பணம் விழுகிறது. அதற்குப் பிறகு இரண்டு கம்பெனி மாறிவிட்டேன், இன்றும் வேலையில்தான் இருக்கிறேன். ஒருவரும் நிறுத்தவில்லை. அவ்வப்போது உயிரோடு இருப்பதற்கான சான்று மட்டும் கொடுக்க வேண்டும்.

கீழக்கரை கணக்கு

தம்பி, நான் ஒரு நிறுவனத்தில் பத்து வருடமாக இஎஸ்ஐ, பிஎஃப் வேலை பார்க்கிறவள். உங்கள் ஆபீஸில் இரண்டு தொகையை ஒன்றாகக் குழப்பியிருக்கிறார்கள்.

காயம் ஆறும்வரை வீட்டில் இருந்தீர்களே, அப்போது வந்தது தற்காலிக ஊனத் தொகை. வேலைக்குப் போக முடியாததால் இழந்த கூலிக்கு ஈடு அது, சராசரி தினக்கூலியில் 90 சதவீதம். கூலிக்கு வேலை பார்த்த நாளுக்கு அது கிடையாது. உங்கள் ஆபீஸ்காரர் சொன்னது இதற்கு மட்டும் சரி.

நிரந்தர ஊனத் தொகை வேறு. உங்கள் கை இனிமேல் சம்பாதிக்கக்கூடியதில் எவ்வளவு குறைந்தது என்று மெடிக்கல் போர்டு (இஎஸ்ஐயின் டாக்டர்கள் குழு) சதவீதம் போடும். அந்த அளவுக்கு ஆயுள் முழுவதும் தருவார்கள். வேலையில் இருந்தாலும் உண்டு, வேலையை விட்டாலும் உண்டு. சம்பளம் 21,000-ஐத் தாண்டி இஎஸ்ஐ வரம்பை விட்டு வெளியே போனாலும் இந்தத் தொகை நிற்காது. பின்னால் காய்ச்சல் என்று லீவு போட்டு நோய்க்கால உதவித்தொகை வாங்கினாலும் இதைப் பிடிக்க மாட்டார்கள்.

ஒரு கையில் இரண்டு விரல் முழுதாகப் போனால் சட்ட அட்டவணையில் 20 சதவீதம். உங்கள் சராசரி தினக்கூலி 500 என்று வைத்தால், 90 சதவீதம் 450. அதில் 20 சதவீதம் 90 ரூபாய். முப்பது நாளுக்கு 2,700. தற்காலிகத் தொகை முடிந்த மறுநாளிலிருந்து கணக்கு என்பதால், போர்டு தாமதமானாலும் நிலுவை சேர்ந்து வரும்.

செய்ய வேண்டியது: இஎஸ்ஐ டாக்டர் வேலைக்குப் போகலாம் என்று கொடுத்த இறுதிச் சான்றிதழ், கம்பெனி அனுப்பிய விபத்து அறிக்கை (படிவம் 12), ஆஸ்பத்திரிக் காகிதங்கள் எல்லாவற்றின் நகலோடு இஎஸ்ஐ கிளை அலுவலகத்தில் மெடிக்கல் போர்டுக்கு எழுதிக் கொடுங்கள். தள்ளிப்போடாதீர்கள். கம்பெனி தயவு இதற்குத் தேவையில்லை. இது நீங்கள் சந்தா கட்டிய காப்பீடு. படிவம் 12 அனுப்பினார்களா என்பதை மட்டும் உறுதி செய்துகொள்ளுங்கள், பல பேருக்கு அங்கேதான் சிக்குகிறது.

தொண்டி வாசகர்

அப்படியானால் அந்த 40 சதவீதக் கணக்கு எதற்கு?

கீழக்கரை கணக்கு

அது 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் கணக்கு. அரசு வேலை இடஒதுக்கீடு மாதிரியானவற்றுக்கு 40 வேண்டும். எனக்குப் போலியோவில் வலது கால், 60 சதவீதம். பழைய வருமானவரி முறையில் 80யூ பிரிவில் 75,000 ரூபாய் கழிவு எடுக்கிறேன், 80 சதவீதம் இருந்தால் 1,25,000. புதிய முறைக்கு மாறினால் இந்தக் கழிவு இல்லை. அந்தச் சதவீதமும் இஎஸ்ஐ போர்டு சதவீதமும் வேறு வேறு. தம்பிக்கு அந்தச் சட்டத்தில் 40 வராமல் போனாலும் இஎஸ்ஐ தொகைக்கு ஒன்றும் ஆகாது.

இன்னொன்று. வேலையில் ஊனமானவரை நீக்கக் கூடாது, அதே சம்பளத்தில் வேறு பணி தர வேண்டும் என்று அந்தச் சட்டம் சொல்வது அரசு நிறுவனங்களுக்கு. உங்கள் கம்பெனி தானாகவே எடைப் பிரிவில் போட்டிருப்பது நல்ல விஷயம். அதை எழுத்தில் வாங்கி வைக்க முடிந்தால் வாங்கி வையுங்கள்.

மண்டபம் ஐஸ்

அக்கா, கை எடுத்துக் கும்பிடுகிறேன். ஆனால் ஒரு விஷயத்தை மறைத்துவிட்டேன். இறுதிச் சான்றிதழில் ஜூன் 21 முதல் வேலைக்குத் தகுதி என்று இருக்கிறது. படகு இறங்கிய நேரம், ஆள் இல்லை என்று மேஸ்திரி கெஞ்சியதால் 16-ஆம் தேதியே போய்விட்டேன். ஐந்து நாள் கையெழுத்துப் போட்டுச் சம்பளமும் வாங்கிவிட்டேன். 20 வரை இஎஸ்ஐ பணமும் வந்துவிட்டது. போர்டுக்குப் போனால் இது தெரிந்துவிடுமா?

பாம்பன் கரை

தெரியுமா தெரியாதா என்று பார்க்காதே தம்பி. நீயே சொல்லிவிடு.

கீழக்கரை கணக்கு

அண்ணன் சொல்வதுதான் சரி. தெரிந்தே மறைத்தால்தான் அது பொய்க் கோரிக்கை ஆகும், அதற்குத்தான் வழக்கு வரும். "ஜூன் 16 முதல் 20 வரை வேலை பார்த்தேன், அந்த ஐந்து நாள் தொகையைத் திருப்பிச் செலுத்தத் தயார்" என்று ஒரு கடிதம் எழுதுங்கள். ஒரு நகலில் கிளை அலுவலக முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். நாளைக்கு 450 என்றால் 2,250 ரூபாய். ஆயுளுக்கும் வரப்போகிற தொகைக்காக அதைக் கட்டிவிடலாம். போர்டு விண்ணப்பத்தை அதே நாளில் தனியாகக் கொடுங்கள், இரண்டையும் ஒரே காகிதத்தில் எழுதாதீர்கள்.

போர்டு போடும் சதவீதம் குறைவாகத் தெரிந்தால் மேல்முறையீடு உண்டு. தற்காலிக மதிப்பீடு என்று எழுதினால் மறுபடி கூப்பிடுவார்கள், அந்தத் தேதியைத் தவறவிடக் கூடாது.

மண்டபம் ஐஸ்

இன்று லீவு போட்டுப் போய் இரண்டையும் கொடுத்துவிட்டேன். கடிதத்தைப் படித்தவர் திட்டவில்லை, "கழித்துக்கொள்வோம்" என்று மட்டும் சொன்னார். படிவம் 12 விபத்து நடந்த மறுநாளே வந்திருக்கிறது. போர்டு தேதி தபாலில் வருமாம். மதுரைக்குக் கூப்பிட்டால் காலை ரயிலில் போய்விட்டு அன்றே திரும்ப முடியுமா அண்ணே?

பாம்பன் கரை

எனக்கு மதியத்துக்குள் முடிந்தது. எக்ஸ்ரே படத்தை மறக்காமல் எடுத்துப் போ, என்னிடம் அதைத்தான் முதலில் கேட்டார்கள்.