தாழ்வாரத்து மல்லிகை அக்டோபரிலிருந்து மொட்டே விடவில்லை, வெண்டையும் நின்றுவிட்டது. என்ன செய்யலாம்?

ஈசூன் மருமகள்:

எல்லாருக்கும் வணக்கம். சிங்கப்பூரில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீடு, ஏழாவது மாடி. தாழ்வாரத்துக் கைப்பிடிச் சுவரை ஒட்டி நானும் மாமியாரும் தொட்டி வைத்திருக்கிறோம். குண்டுமல்லி, கனகாம்பரம், துளசி, கறிவேப்பிலை, மிளகாய், வெண்டை, கயிற்றில் ஏற்றிவிட்ட பாகல். ஏப்ரலிலிருந்து ஆகஸ்டு வரை மல்லிகை சாமிக்குப் போக என் மகள் தலைக்கும் மிஞ்சும். செப்டம்பர் கடைசியில் குறைந்தது. அக்டோபருக்குப் பிறகு ஒரு மொட்டுகூட இல்லை. செடி வாடவில்லை, கொடிபோல் நீள நீளமாகப் போகிறது, இலை கரும்பச்சை.

"ஆடிப்பட்டம் தேடி விதை" என்று மாமியார் சொன்னதால் வெண்டையை ஆடியில்தான் போட்டோம். நன்றாக வளர்ந்து, காய்க்கத் தொடங்கிய கையோடு நின்றுவிட்டது. பாகலில் பிஞ்சு விரல் நீளம் வந்ததும் மஞ்சளாகி விழுகிறது.

உரம், கோழி எருக் குருணை. தண்ணீர் காலையும் மாலையும். எரிச்சல் என்னவென்றால், எதிர் அடுக்குமாடிப் புளோக்கில் ஒரு வீட்டு மல்லிகை இப்போதுதான் பூத்துக் குலுங்குகிறது! தேக்கா சந்தையில் முழம் மல்லிகை வாங்கும்போதெல்லாம் மாமியார் முகம் சுருங்குகிறது. யாராவது வழி சொல்லுங்கள்.

உட்லண்ட்ஸ் கீரைக்காரர்:

கோழி எருவை முதலில் நிறுத்துங்கள் தங்கச்சி. அதில் தழைச்சத்துதான் (நைட்ரஜன்) தூக்கல். தழைச்சத்து கூடினால் இலையும் கொடியும்தான் வரும், மொட்டு வராது. மல்லிகைக்குச் சாம்பல்சத்து (பொட்டாசியம்) வேண்டும். பூச்செடிக்கென்று தனியாக விற்கும் உரத்துக்கு மாறிப் பாருங்கள்.

தோபாயோ அக்கா:

மொட்டே வரவில்லையா, அல்லது வந்து கருகி விழுகிறதா? இரண்டும் வேறு வேறு கதை. மழைக்காலத்தில் மொட்டுக்குள் கொசுவைவிடச் சின்னதான ஒரு ஈயின் புழு இருக்கும். மொட்டு ஊதா நிறமாகிச் சுருங்கிக் கொட்டிவிடும். அதுவாக இருந்தால் கெட்ட மொட்டையெல்லாம் கிள்ளிப் பையில் கட்டிக் குப்பையில் போட வேண்டும், தொட்டியிலேயே உதிர விடக்கூடாது. வேப்பெண்ணெய் தெளிப்பது அதற்கு அப்புறம்தான்.

ஈசூன் மருமகள்:

இல்லை அக்கா, மொட்டு வைக்கவே இல்லை. இலையைத் திருப்பியும் பார்த்துவிட்டேன். மாவுப்பூச்சி, அசுவினி எதுவும் இல்லை. எருவைப் போன மாதமே நிறுத்தியாயிற்று, ஒரு மாற்றமும் இல்லை அண்ணா.

பீஷான் வாத்தியார்:

ஒரு கேள்விதான். வீட்டு வாசலில் நின்று வெளியே பாருங்கள். கைபேசித் திசைகாட்டி எந்தப் பக்கம் காட்டுகிறது?

ஈசூன் மருமகள்:

ஏறக்குறைய நேர் வடக்கு ஐயா. எதிர் புளோக்கின் தாழ்வாரம் எங்களைப் பார்த்தபடி இருக்கிறது.

பீஷான் வாத்தியார்:

அப்படியென்றால் உரத்தையும் பூச்சியையும் விட்டுவிடுங்கள். உங்களுக்கு வெயில் போய்விட்டது.

நாம் இருப்பது நிலநடுக்கோட்டுக்குச் சுமார் 1.3 டிகிரி வடக்கே. பகல் ஆண்டு முழுக்க ஏறத்தாழ 12 மணி நேரம்தான். அதனால் சிங்கப்பூரில் பருவமே கிடையாது என்று நினைத்துக்கொள்கிறோம். பகலின் நீளம் மாறாவிட்டாலும் வெயில் விழும் பக்கம் மாறுகிறது. மார்ச் கடைசியிலிருந்து செப்டம்பர் மூன்றாம் வாரம் வரை சூரியன் நமக்கு வடக்கே ஓடும். ஜூன் 21-ஐ ஒட்டி நண்பகலில்கூட உச்சியிலிருந்து 22 டிகிரி வடக்கே சாய்ந்திருக்கும். அப்போது உங்கள் சுவரோரத் தொட்டிக்கு நல்ல வெயில். மீதி ஆறு மாதம் தெற்கே போய்விடும், டிசம்பரில் 25 டிகிரி வரை. உங்கள் புளோக்கே உங்கள் செடிக்கு நிழல். எதிர் புளோக்குக்கு இப்போது முறை. ஜூலையில் அவர்கள் மல்லிகையைப் பார்த்திருந்தால் உங்களுக்குப் பாவமாக இருந்திருக்கும்.

வெண்டையும் அதே கணக்குதான். விதைத்து ஒன்றரை மாதத்துக்கு மேல் ஆகும், காய்க்கத் தொடங்க. ஆடியில் போட்டால் அது காய்க்க வரும் நேரமும் வெயில் விடைபெறும் நேரமும் ஒன்றாகிவிடும். மாமியார் சொன்னது தஞ்சாவூருக்கோ மதுரைக்கோ சரி. உங்கள் தாழ்வாரத்துக்குப் பங்குனிதான் பட்டம்.

இப்போது செய்ய வேண்டியது: தண்ணீரைக் குறையுங்கள். வெயில் இல்லை, வடகிழக்குப் பருவமழை வேறு. விரலை மண்ணில் விட்டுப் பார்த்து, காய்ந்திருந்தால் மட்டும் ஊற்றுங்கள், இல்லாவிட்டால் வேர் அழுகும். மல்லிகையை இப்போது வெட்ட வேண்டாம். பிப்ரவரி கடைசியில் பாதி உயரத்துக்குக் கவாத்து செய்யுங்கள். மல்லிகை புதுத் துளிரில்தான் மொட்டு வைக்கும். துளிர் வரும் நேரத்துக்கு வெயிலும் திரும்பிவிடும். உரமும் அப்போதுதான். நிழல் மாதங்களில் வெண்டை, மிளகாயோடு மல்லுக்கட்டாமல் பாண்டான், வெற்றிலை, புதினா, பொன்னாங்கண்ணி என்று இலைக்காக வளர்ப்பதை வையுங்கள். இலைக்கு இவ்வளவு வெளிச்சம் போதும்.

உட்லண்ட்ஸ் கீரைக்காரர்:

வாத்தியார் சொல்வது சரிதான், ஆனால் டிசம்பரில் மேகமூட்டத்தால் எல்லாருக்குமே வெளிச்சம் குறைவு. எருவும் ஒரு காரணம் என்றுதான் இன்னமும் நினைக்கிறேன்.

பீஷான் வாத்தியார்:

எரு கொடியை நீட்டியிருக்கும், மறுக்கவில்லை. ஆனால் மேகம்தான் காரணம் என்றால் எதிர் புளோக்கு மட்டும் எப்படிப் பூக்கும்?

தோபாயோ அக்கா:

எதிர் வீட்டோடு பேசி ஆறு மாதத்துக்கு ஒரு முறை மல்லிகைத் தொட்டியை மாற்றிக்கொள்ளுங்களேன். சிரிக்காதீர்கள், எங்கள் பக்கம் இரண்டு வீட்டில் நடக்கிறது.

தெற்குப் பக்கம் சமையலறை சன்னல் இருந்தால் உள்ளே கம்பியோரம் வைக்கலாம். வெளியே நீட்டி மட்டும் வைக்காதீர்கள், ஏழாவது மாடியிலிருந்து விழுந்தால் யார் தலையோ. தாழ்வாரத்திலும் ஆள் நடக்க 1.2 மீட்டர் வழி விட்டிருக்க வேண்டும். மழை மாதம், தொட்டித் தட்டுகளை எடுத்துவிடுங்கள். இறுகிப்போன மேல்மண்ணைக் கிளறி விடுங்கள், அதன்மேல் தேங்கும் தண்ணீரிலும் டெங்கி பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிடும்.

மண்புழு:

பாகலை யாரும் கவனிக்கவில்லையே. அது வெயில் மட்டும் இல்லை. பாகலில் ஆண் பூ தனி, பெண் பூ தனி. அடியில் குட்டிப் பாகல்போல் புடைத்திருப்பது பெண். ஏழாவது மாடிக்குத் தேனீ அதிகம் வராது. மகரந்தம் சேராவிட்டால் பிஞ்சு மஞ்சளாகி விழத்தான் செய்யும். காலை ஒன்பது மணிக்குள் அன்று மலர்ந்த ஆண் பூவைக் கிள்ளி, இதழை உரித்துவிட்டு, பெண் பூவின் நடுவில் மெதுவாகத் தடவுங்கள். பிடித்த பிஞ்சைக் காகிதப் பையால் மூடிவிட்டால் பழ ஈ குத்தாது.

இடம் போதவில்லை என்றால் தேசியப் பூங்காக் கழகத்தின் ஒதுக்கீட்டுத் தோட்டம் இருக்கிறது. 2.5 மீட்டருக்கு 1 மீட்டர் பாத்தி, 3 ஆண்டுக்குத் தருவார்கள். திறந்தவெளி, வடக்கு தெற்கு கவலை குறைவு. ஆனால் பூங்காவுக்கு நடந்துபோய்த் தண்ணீர் ஊற்றும் பொறுமை வேண்டும், எனக்கு இல்லை.

ஈசூன் மருமகள்:

காலையில் பாகலுக்குத் தடவிவிட்டேன், மகளுக்கு அது பெரிய விளையாட்டாகிவிட்டது. வாத்தியார் ஐயா சொன்னதை மாமியாரிடம் படித்துக் காட்டினேன். "பங்குனியிலா வெண்டை போடுவார்கள்" என்று முணுமுணுத்துவிட்டு விதையை டப்பாவில் போட்டு மூடி வைத்துவிட்டார். தொட்டி மாற்றும் யோசனை அவருக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. எல்லாருக்கும் நன்றி.

செங்காங் புதுவரவு:

இடையில் புகுந்து கேட்பதற்கு மன்னிக்கவும். எங்கள் தாழ்வாரம் நேர் மேற்கு. எங்களுக்கும் ஆறு மாதக் கணக்கு உண்டா?

பீஷான் வாத்தியார்:

உங்களுக்கு அது இல்லை தம்பி. கிழக்குக்குக் காலை வெயில், மேற்குக்கு மதியத்துக்கு மேல் வெயில், ஆண்டு முழுக்க உண்டு. எதிரே உயரமான புளோக் மறைக்கிறதா என்று மட்டும் பாருங்கள். வெண்டை, கத்தரி, மல்லிகை எதுவும் வைக்கலாம். பிப்ரவரியில் மழை குறைந்து காய்ந்த காற்று அடிக்கும்போதுதான் கவனம் தேவை. இலையில் ஊசி குத்தினதுபோல் வெளிர்ப்புள்ளி தெரிந்தால் சிலந்திப்பேன். முதலில் இலையின் அடிப்பக்கத்தில் தண்ணீரை வேகமாக அடித்துக் கழுவுங்கள், ஒரு வாரம் கழித்தும் புள்ளி கூடினால் படத்தோடு இங்கேயே போடுங்கள்.