‘சைக்கோ’ இன்னும் பயமுறுத்துகிறதா? பார்த்த அனுபவத்தைச் சொல்லுங்கள்

போன சனிக்கிழமை ராத்திரி மகளையும் அவள் தோழிகள் இரண்டு பேரையும் உட்காரவைத்து ஹிட்ச்காக்கின் ‘சைக்கோ’ போட்டேன். மூன்று பேரும் இருபது வயதைத் தாண்டாதவர்கள். 1960இல் வந்த கறுப்பு வெள்ளைப் படம் என்றதுமே மூன்று கையிலும் போன் வந்துவிட்டது. (படத்தின் மர்மம் தெரியாதவர்கள் இதற்கு மேல் படிக்க வேண்டாம். முதலில் படத்தைப் பார்த்துவிட்டு வாருங்கள்.)

நான் காத்திருந்தது குளியலறைக் கொலைக் காட்சிக்கு. 78 கேமரா கோணங்கள், ஏழு நாள் படப்பிடிப்பு, திரையில் முக்கால் நிமிடம். இசையமைப்பாளர் பெர்னார்ட் ஹெர்மனின் வயலின்கள் கீச்சிட ஆரம்பித்ததும் மகள் என் பக்கம் திரும்பி, “அப்பா, இந்த மியூசிக்கை வச்சு எவ்வளவு மீம் வந்திருக்கு தெரியுமா?” என்றாள். தோழி ஒருத்தி, “ரத்தம் சாக்லேட் சிரப்தானே அங்கிள்?” என்றாள். சாக்லேட் சிரப்தான். படத்தையே பார்க்காத பிள்ளைக்கு அதுவரை தெரிந்திருக்கிறது. எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது.

அப்புறம்தான் வேடிக்கை. விடுதி நடத்துகிற நார்மன் ரத்தத்தைக் கழுவித் துடைத்து, பிணத்தைக் காரில் போட்டு, காரைச் சேற்றுக் குட்டையில் தள்ளுகிறான். கார் மெல்ல முங்குகிறது. பாதியில் நின்றுவிடுகிறது. அவன் முகத்தைக் காட்டுகிறார்கள். அந்த நேரத்தில் மகள் வாயிலிருந்து “ஐயோ, போயிடு, போயிடு” என்று வந்தது. யாருக்காக வேண்டிக்கொண்டோம் என்று அவளுக்கு அப்புறம்தான் உறைத்தது. கொஞ்ச நேரம் பேசவே இல்லை.

அதற்குப் பிறகு யாரும் போனைத் தொடவில்லை. துப்பறிகிறவர் அந்த வீட்டு மாடிப்படியில் ஏறுகிறார். கதவு ஒரு விரற்கடை திறக்கிறது. கேமரா சட்டென்று கூரைக்குப் போய் மேலிருந்து பார்க்கிறது. அதே வயலின்தான். ஆனால் இந்தக் கொலையைப் பற்றி அவர்களுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. முறுக்குத் தட்டு கவிழ்ந்தது, சோபாவிலிருந்து ஒருத்தி எழுந்தே விட்டாள்.

அந்தக் காலத்தில் படம் தொடங்கிய பிறகு யாரையும் உள்ளே விடக்கூடாது என்று ஹிட்ச்காக் தியேட்டர்களில் கண்டிப்பு காட்டினார். கதாநாயகி என்று நம்பிய ஜேனட் லீ பாதிப் படத்துக்குள் செத்துப்போவது முன்கூட்டித் தெரியக்கூடாது அல்லவா? இன்றைய பிள்ளைகள் அந்தக் காட்சியை மட்டும் ஆயிரம் தடவை பார்த்துவிட்டு உள்ளே வருகிறார்கள். பிரபலமான பயம் செத்துவிட்டது, யாரும் பேசாத பயம் உயிரோடு இருக்கிறது என்றுதான் எனக்குப் பட்டது. உங்கள் வீட்டில் எப்படி?

* * *

அண்ணா, எனக்கு அந்தக் குளியலறைக் காட்சியைவிட அதற்கு முந்தைய இரண்டு நிமிடம்தான் பயம்.

நான் ஆடிட் வேலையில் இருக்கிறேன். மாதத்தில் பத்து நாளாவது ஏதோ ஓர் ஊரில் லாட்ஜ் வாசம். கல்லூரியில் இந்தப் படத்தைப் பார்த்தபோது சிரித்தேன். போன வருஷம் ஒரு லாட்ஜ் அறையில் தனியாக, லேப்டாப்பில் மறுபடி பார்த்தேன். நார்மன் சுவரில் மாட்டிய படத்தைக் கழற்றிவிட்டு, பின்னால் இருக்கும் ஓட்டையில் கண்ணை வைக்கிறான். அந்த ஓவியமே, குளிக்கப்போன சூசன்னாவை இரண்டு கிழவர்கள் ஒளிந்து பார்த்த பழைய பைபிள் கதை. 1960இல் ஓட்டை, இப்போது பட்டன் அளவு கேமரா. அவ்வளவுதான் வித்தியாசம்.

படத்தை நிறுத்திவிட்டு விளக்கை அணைத்தேன். மொபைல் டார்ச்சை அடித்து கண்ணாடி, பிளக் பாயின்ட், கீசர், கடிகாரம் எல்லாவற்றையும் பார்த்தேன். சுவரில் ஓர் அருவிப் படம் தொங்கியது. கழற்றினால் பின்னாலிருந்து பல்லி. நான் போட்ட கத்தலில் ரூம் பாய் ஓடிவந்து கதவைத் தட்டினார். அந்தத் தட்டலுக்கு இன்னொரு கத்தல்.

இன்னொன்று. அறைச் சாவி எடுக்கும்போது நார்மன் கை ஒரு கணம் தயங்கி, ஆபீசுக்கு ஒட்டிய ஒன்றாம் எண் அறையின் சாவிக்குப் போகும். முதல் தடவை நான் கவனிக்கவே இல்லை. இப்போது எந்த லாட்ஜிலும் சாவி எடுக்கிற கையைத்தான் பார்க்கிறேன். நடித்த ஜேனட் லீயே தன்னைத் திரையில் பார்த்த பிறகு ஷவரை விட்டுவிட்டுத் தொட்டிக் குளியலுக்கு மாறியதாகச் சொல்லியிருக்கிறார். நான் பயப்படுவதில் என்ன தப்பு?

* * *

நான் தலைகீழாகப் பார்த்தவன். முதலில் பாலு மகேந்திராவின் ‘மூடுபனி’, 1980இல். ‘சைக்கோ’வெல்லாம் அதற்குச் சில வருஷம் கழித்து, நாலு நண்பர்கள் காசு போட்டு வீடியோ டெக் வாடகைக்கு எடுத்துப் பார்த்தது. இரண்டிலும் தாயின் நினைப்பு விடாமல் துரத்துகிற கொலைகாரன் என்பதால் பாதியிலேயே எனக்கு மூக்கில் வேர்த்துவிட்டது.

ஆனாலும் கடைசிக் காட்சி ஆளை உலுக்கிவிட்டது. நார்மன் போர்வை போர்த்தி உட்கார்ந்திருக்கிறான், கையில் ஈ. அதைத் தட்டாமல் நம்மைப் பார்த்துச் சிரிக்கிறான். அந்தச் சிரிப்பின் மேல் ஒரு கணம் வேறொன்று தெரிந்து மறைகிறது. “பல்லு தெரிஞ்சுதுடா” என்றான் ஒருவன். “டேப் கோடு” என்றான் இன்னொருவன். ரீவைண்ட் பண்ணி ரீவைண்ட் பண்ணிப் பார்த்தோம். மண்டையோட்டுப் பல்தான். மறுநாள் டெக்காரர் ஹெட் தேய்ந்துவிட்டது என்று எங்களிடம் சண்டைக்கு வந்தார்.

பயம் எப்படிப் போகிறது என்பதற்கு ஒன்று சொல்கிறேன். ‘மூடுபனி’யில் கடத்திவந்த பெண்ணின் எதிரே கிடாரோடு உட்கார்ந்துதான் பிரதாப் போத்தன் ‘என் இனிய பொன் நிலாவே’ பாடுவார். போன மாதம் ஒரு கல்யாண ரிசப்ஷனில் மாப்பிள்ளையே அதைப் பாடினார். கூட்டம் கைதட்டியது. எனக்கு மட்டும் பெண்ணைப் பார்த்துப் பாவமாக இருந்தது.

* * *

கோபப்படாதீங்க, எனக்குப் பயமே வரவில்லை. பஸ்ஸில், போனில், 1.25 வேகத்தில் பார்த்தேன். கடைசியில் மனநல மருத்துவர் வந்து நின்று மொத்தக் கதையையும் டியூஷன் மாதிரி விளக்குகிறாரே, அங்கே தூங்கிவிட்டேன். ஈ, மண்டையோடு எல்லாம் இங்கே படித்துத்தான் தெரிகிறது.

* * *

தம்பி, அந்த டாக்டர் காட்சிக்கு நானும் எழுந்துபோய்க் காப்பி போட்டேன், அதில் சண்டை இல்லை. ஆனால் அந்தக் கார் 1.25 வேகத்தில் முங்கினால் எப்படிப் பயம் வரும்? நடு ராத்திரியில், ஹெட்போன் மாட்டி, ஒரு தடவை அந்தக் குட்டையிலிருந்து ஆரம்பித்துப் பாருங்கள்.

அப்புறம், ஒன்று எழுத விட்டுப்போய்விட்டது. மீம் என்று சிரித்த என் மகள் ஞாயிற்றுக்கிழமை காலை குளிக்கப் போனபோது தாழ்ப்பாளைப் போட்டு, ஆட்டிப் பார்த்து, மறுபடி ஒரு தடவை ஆட்டிப் பார்த்த சத்தம் சமையலறை வரை கேட்டது. எங்கள் வீட்டில் ஷவர் கிடையாது. பக்கெட்டும் மக்கும்தான்.