காப்பகத்தில் கை கால் வாய் நோய்: அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்களேன்

வணக்கம். மதுரை திருநகர் பக்கம் சின்னதாக ஒரு குழந்தைகள் காப்பகம் நடத்துகிறேன். எல்லாம் நாலு வயதுக்குள் உள்ள பிள்ளைகள். இரண்டு பேருக்கு உள்ளங்கை, உள்ளங்காலில் கொப்புளம், வாய்க்குள் புண். கை கால் வாய் நோய் என்று டாக்டர் சொல்லிவிட்டார். சிலர் தக்காளிக் காய்ச்சல் என்கிறார்களே, அதுதான்.

இந்த வைரஸுக்கு சானிடைசரை நம்ப முடியாது, சோப்பும் தண்ணீரும்தான். புண் ஆறிய பிறகும் சில வாரம் மலத்தில் கிருமி வெளியேறும். அதனால் டயப்பர் மாற்றும் அக்காவிடம் கை கழுவுவதில் கறாராகச் சொல்லியிருக்கிறேன். பிளாஸ்டிக் சாமான்களைக் கழுவி, பிளீச்சிங் கரைசலில் துடைத்து வெயிலில் போடுகிறோம் (மதுரை வெயில் இதற்காவது உதவட்டும்). துணி பொம்மைகளை நீங்கள் என்ன செய்கிறீர்கள்? மொத்தமாக எடுத்து வைத்துவிடலாமா?

பெரிய தலைவலி பெற்றோரைச் சமாளிப்பதுதான். காலையில் காய்ச்சல் மருந்தை ஊற்றிக் கொண்டுவந்து விட்டுவிடுகிறார்கள். இருவரும் வேலைக்குப் போகிற வீடு, லீவு கிடைக்காது, பாவம். காய்ச்சல் விட்டு, கொப்புளம் காய்ந்தபின் அனுப்புங்கள் என்பதை எப்படி எழுதினால் கோபப்படாமல் கேட்பார்கள்? வாட்ஸ்அப்பில் அனுப்பிய அறிவிப்பு மாதிரி ஏதாவது இருந்தால் பகிருங்கள். அப்புறம், வராத நாட்களுக்குக் கட்டணத்தைக் கழிக்கிறீர்களா? அதையும் சொல்லுங்கள்.