மாஸ்டருக்கு என்ன செய்யலாம்? (புளியந்தோப்பு கேரம் ரூம் குழு)

செயலாளர் அண்ணன்: எல்லாருக்கும் வணக்கம். நம் கேரம் மாஸ்டருக்கு முழங்கால் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து நேற்று வீட்டுக்கு வந்துவிட்டார். இனிமேல் மாடி ஏறி ரூமைத் திறக்க முடியாதாம். வரும் ஞாயிறு அவருக்குப் பாராட்டு விழா வைக்கலாம் என்று இருக்கிறோம். சால்வை, மாலை, ஷீல்டு, தெருமுனையில் ஒரு ஃபிளெக்ஸ். ஆளுக்கு 500 ரூபாய். சரியா?

பால் பூத் மாமா: தாராளமாக வைக்கலாம். என் பங்கு 1000.

மாடி வீட்டு அக்கா: விழா கட்டாயம் வேண்டும் தம்பி. ஆனால் அவர் ஆஸ்பத்திரிக்குப் போனதிலிருந்து ரூம் பூட்டியே கிடக்கிறது. சாயங்காலம் பிள்ளைகள் வந்து படியில் உட்கார்ந்து போனை நோண்டிவிட்டுப் போகிறார்கள். அதற்கு ஒரு வழி சொல்லாமல் சால்வை மட்டும் போட்டால் எனக்கு மனசு ஆறாது.

துபாய் தம்பி: அக்கா சொல்வது சரி. நான் சின்னப் பையனாக இருந்தபோது கேரம் ரூமுக்குப் போனாலே வீட்டில் அடி விழும். காசு வைத்து ஆடுகிற இடம் என்று பெயர். மாஸ்டர் ரூமில் ஒரு டீக்குக்கூடப் பந்தயம் கட்ட முடியாது. தெரிந்தால் ஸ்ட்ரைக்கரைப் பிடுங்கி மேஜை டிராயரில் போட்டுவிடுவார். அப்பா நேரில் வந்து கேட்டால்தான் திரும்பக் கிடைக்கும். எங்கள் அப்பா அப்படி ஒருமுறை கேட்கப் போய்த்தான் அவருக்கு நண்பரானார்.

மாடி வீட்டு அக்கா: என் பெண்ணை அனுப்ப நான் யோசித்தபோது வீட்டுக்கே வந்தார். “நீயும் கூட வந்து உட்காரும்மா” என்றார். அதற்காகவே சுவரோரம் ஒரு பெஞ்சு வாங்கிப் போட்டார். முதலில் நான் ஒருத்திதான், அப்புறம் பெஞ்சில் இடம் கிடைக்காது. வியாசர்பாடி இளவழகி 2008-இல் உலக சாம்பியன் ஆனபோது பேப்பரில் வந்த படத்தை வெட்டி அந்தப் பெஞ்சுக்கு மேலேதான் ஒட்டினார்.

செயலாளர் அண்ணன்: பக்கத்திலேயே காசிமா படமும் இருக்கிறது. 2024-இல் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பையில் மூன்று தங்கம். அப்பா ஆட்டோ ஓட்டுகிறவர், பிள்ளைகளுக்குக் கேரமும் சொல்லித் தருகிறவர். மாஸ்டர் அந்த அப்பாவைப் பற்றித்தான் அதிகம் பேசுவார்.

பால் பூத் மாமா: எல்லாம் சரி, தினமும் யார் திறப்பது? அவரவருக்கு வேலை, குடும்பம் இருக்கிறதே.

துபாய் தம்பி: மாமா, தப்பாக நினைக்காதீர்கள். அவருக்கும்தான் இருந்தது. பின்னி மில் ஷிஃப்ட் முடிந்து நேராக ரூமுக்கு வருவார். 1996-இல் மில் மூடியது. அந்த வருடத்து அர்ஜுனா விருது நம் சென்னை மரிய இருதயத்துக்கு. கேரமுக்கு முதன்முதலாகக் கிடைத்த அர்ஜுனா. வேலை போன மனிதர் அதற்காகத் தெருவுக்கே மிட்டாய் கொடுத்தார் என்று அப்பா இன்றைக்கும் சொல்வார். அப்புறம் வாட்ச்மேன் வேலைக்குப் போனார். நைட் டியூட்டி என்றால் ஏழரைக்குப் போர்டைத் துடைத்து வைத்துவிட்டுக் கிளம்புவார். பிள்ளைகளிடம் ஃபீஸ் மட்டும் வாங்கியதில்லை.

பால் பூத் மாமா: அதை நானும் பார்த்திருக்கிறேன். சரி தம்பி, மேலே பேசுங்கள்.

காலேஜ் பாப்பா: திறந்தால் மட்டும் போதாது அண்ணா, கூட உட்கார ஆள் வேண்டும். சின்னப் பசங்க ஸ்ட்ரைக்கரை இரண்டு கோட்டையும் தொடாமல் வைப்பார்கள். மாஸ்டர் ஒன்றும் சொல்லாமல் விரலால் கோட்டைத் தட்டுவார், அவ்வளவுதான், கையை எடுத்துவிடுவோம். ரெட் காயைப் போட்டுவிட்டு, அடுத்து ஃபாலோவாக நம் காய் ஒன்றைப் போடாமல் விட்டால் ரெட்டை நம் கையாலேயே எடுத்து நடுவில் வைக்க வேண்டும். அழுதாலும் வைக்க வேண்டும். இப்போது மழை வேறு. ஈரம் ஏறினால் காய் நகராது. சீக்கிரமே போய் பல்பைத் தாழ இறக்கிப் போர்டைக் காய வைக்க வேண்டும். அது எனக்குத் தெரியும், நான் செய்கிறேன்.

மாஸ்டர் மகள்: எல்லாவற்றையும் அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். அவர் சொன்னதை அப்படியே போடுகிறேன். “சால்வை போடுங்க, எனக்கு சந்தோஷம்தான். ஃபிளெக்ஸ் வேண்டாம். அந்தக் காசில் மூணாவது போர்டுக்குப் பாக்கெட் வலை மாத்துங்க, கிழிஞ்சு கிடக்கு. அரையாண்டுப் பரீட்சை முடிஞ்சதும் சப்-ஜூனியர் செலக்‌ஷன் வரும். நாலு பிள்ளைங்க தயாரா இருக்காங்க. ஆடாம விட்டா கை போயிடும்.”

செயலாளர் அண்ணன்: ஃபிளெக்ஸ் கேன்சல். சாவியை இன்றைக்கு ராத்திரி வந்து வாங்கிக்கொள்கிறேன் அம்மா. திங்கள், புதன் நான் திறக்கிறேன்.

காலேஜ் பாப்பா: செவ்வாய், வியாழன் நான்.

மாடி வீட்டு அக்கா: வெள்ளி நான். எனக்கு ஆடத் தெரியாது, ஆனால் பந்தயம் கட்டினால் கண்டுபிடித்துவிடுவேன்.

பால் பூத் மாமா: சனிக்கிழமை என் பெயரைப் போடுங்கள். டிராயர் சாவியும் வேண்டும்.

துபாய் தம்பி: வலைக்கும் இந்த வருடப் பவுடருக்கும் நான் பணம் அனுப்பிவிட்டேன் அண்ணா, பாருங்கள். ஏப்ரலில் லீவுக்கு வருகிறேன். வந்தால் எல்லா நாளும் நான்தான்.

மாஸ்டர் மகள்: அப்பா கேட்கிறார், ஞாயிறு யார் என்று.

செயலாளர் அண்ணன்: ஞாயிறு விழா ரூமிலேயே வைத்துவிடலாம். நாற்காலியோடு அவரைத் தூக்கி மாடிக்குக் கொண்டுபோக நாலு பேர் வேண்டும். பெயர் கொடுங்கள்.