திடப்படுத்தல் முடிந்த பிள்ளைகளோடு பெரியவர்கள் பழக எங்கே தொடங்குவது?

தாமிரபரணிக்கரை கேட்டது:

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். எங்களுடையது நெல்லைப் பக்கம் ஒரு சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) கிராம சபை, சுமார் 120 குடும்பம். திடப்படுத்தல் (ஞானஸ்நானம் பெற்ற பிள்ளை வளர்ந்தபின் தன் வாயால் விசுவாசத்தை அறிக்கையிடும் சடங்கு) எடுத்த பிள்ளைகள் ஒரு வருஷம் ஒழுங்காக வருகிறார்கள். அப்புறம் டியூஷன், பன்னிரண்டாம் வகுப்பு, கல்லூரி என்று ஒவ்வொருவராகக் காணாமல் போகிறார்கள். சபையில் ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், நர்சுகள், விவசாயிகள் என்று விசுவாசத்தில் ஊறிய பெரியவர்களுக்குக் குறைவில்லை. ஆளுக்கு ஐந்து பிள்ளைகள் என்று பட்டியல் போட்டு ஞாயிறு அறிவிப்பில் வாசிக்கலாம் என்று கமிட்டியில் பேச்சு. இது நடக்குமா? பெரியவரும் பிள்ளையும் சேர்ந்து உட்கார்ந்தால் என்னதான் செய்வது?

இரண்டாம் மணி:

ஐயா, பட்டியலை வாசிக்காதீர்கள். அறிவிப்பில் பெயர் வந்த அன்றே பிள்ளைக்கு அது தண்டனையாகிவிடும். ஐந்து பேரும் அதிகம். ஒரு பெரியவருக்கு ஒருவர், மிஞ்சினால் இரண்டு பேர். முதல் வருஷம் ஐந்தாறு பெரியவர்களோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

முதல் இரண்டு மாதம் உட்கார்ந்து பேசவே வேண்டாம், சேர்ந்து வேலை செய்யட்டும். அசனத்துக்கு (சபை விருந்துக்கு) காய்கறி நறுக்குவது, அறுப்பின் பண்டிகைக்குக் கோயிலை ஜோடிப்பது, படுக்கையில் இருக்கிறவர்களைப் பார்க்கப் போவது, ஏதாவது ஒன்று. கை வேலையில் இருக்கும்போது பதினாறு வயதுப் பையன் பேசுவான். எதிரே நாற்காலி போட்டு உட்காரவைத்தால் "நல்லாருக்கேன் தாத்தா" என்பதோடு முடித்துக்கொள்வான்.

பிறகு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, ஒரு மணி நேரம். முதல் இருபது நிமிஷம் அந்த இரண்டு வாரத்தில் நடந்ததை அவன் சொல்லட்டும், பெரியவர் கேட்கட்டும். அடுத்த இருபது நிமிஷம் வேதம். மாற்கு சுவிசேஷம் 16 அதிகாரம், தடவைக்கு ஒன்று என்றால் எட்டு மாதத்தில் முடிந்துவிடும். அது நீளம் என்று தோன்றினால் பிலிப்பியர், நாலே அதிகாரம். ஆளுக்குப் பாதி வாசித்து, "இதில் உனக்குப் புரியாதது எது, உடன்பட முடியாதது எது" என்று இரண்டே கேள்வி. பெரியவருக்கே பதில் தெரியாவிட்டால் அடுத்த தடவைக்குள் ஆயரிடம் (சபைப் போதகரிடம்) கேட்டு வரட்டும், அதில் குறைச்சல் ஒன்றுமில்லை. கடைசியில் ஒருவர் பெயரை ஒருவர் சொல்லிச் சின்ன ஜெபம்.

ஆறு மாதம் என்று முதலிலேயே தவணை சொல்லிவிடுங்கள். முடிவில் தொடர்வதா வேண்டாமா என்று இருவரையும் தனித்தனியே ஆயர் கேட்கட்டும். ஒத்துவராத ஜோடி கோபமில்லாமல் பிரிய அதுதான் வழி.

ஓலைப்பெட்டி:

மேலே அண்ணன் சொன்னதோடு பாதுகாப்பையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இதை எழுதிவைக்காமல் தொடங்கவே கூடாது.

பெண்பிள்ளைகளுக்குப் பெண்கள், ஆண்பிள்ளைகளுக்கு ஆண்கள். பதினெட்டு வயதுக்குக் கீழே என்றால் பெற்றோரின் சம்மதம் கையெழுத்தாக வேண்டும். கூடும் இடம் கோயில் வராந்தா, வீட்டுத் திண்ணை, டீக்கடை என்று நாலு பேர் கண்ணில் படுகிற இடமாக இருக்கட்டும். கதவு மூடிய அறை, தனியாக பைக் பயணம், ராத்திரி வாட்ஸ்ஆப் எதுவும் வேண்டாம். எவ்வளவு நல்ல மனிதராக இருந்தாலும் விதி விதிதான். "நம்ம மூப்பர்தானே" என்று ஒருவருக்குத் தளர்த்தினால் நாளைக்கு யாரையும் கேட்க முடியாது.

"சொன்னது நமக்குள் இருக்கும்" என்று பெரியவர் வாக்குக் கொடுக்கும்போதே விலக்கையும் சொல்லிவிட வேண்டும். பிள்ளையை யாராவது துன்புறுத்தினாலோ, தன் உயிரைப் போக்கிக்கொள்ளும் எண்ணம் இருந்தாலோ மறைக்க முடியாது. பாலியல் கொடுமை தெரிந்தும் போலீசுக்குச் சொல்லாமல் இருப்பது 2012 போக்சோ சட்டப்படி குற்றம். சபைக்குள் பேசித் தீர்த்துக்கொள்கிற விஷயம் இல்லை அது. 1098 என்ற குழந்தைகள் உதவி எண் எல்லாப் பெரியவர்கள் கையிலும் இருக்கட்டும்.

இந்த இரண்டும் தவிர மற்றது வெளியே போகக் கூடாது. பிள்ளை சொன்ன சந்தேகத்தை "உங்க மக நல்லா ஜெபிக்கணும்" என்று அம்மாவிடம் ஜாடையாகச் சொன்னாலும் போதும், அவள் மறுபடி வாய் திறக்க மாட்டாள்.

மேய்ச்சல்நிலம்:

ஆள் தெரிவில்தான் பாதி வெற்றி. நன்றாகப் பிரசங்கம் பண்ணுகிறவரைத் தேடாதீர்கள், கேட்கத் தெரிந்தவரைத் தேடுங்கள். சபைத் தேர்தலில் நிற்கிறவரோ அணி நடத்துகிறவரோ இந்த வருஷம் வேண்டாம். பிள்ளைகள் அவருக்கு ஓட்டாகிவிடுவார்கள், அது அவர்களுக்கும் தெரியும்.

நட்பு முறிகிற இடங்கள் நம் ஊரில் எல்லாருக்கும் தெரிந்தவைதான்: மார்க் எவ்வளவு, வேலை கிடைத்ததா, எப்போது கல்யாணம். வரன் பார்த்துக் கொடுக்கிற வேலையைப் பெரியவர்கள் அடியோடு விடவேண்டும். "நீ யார் வீட்டுப் பிள்ளை, எந்தத் தெரு" என்று ஜாதி தெரிந்துகொள்ளக் கேட்கிற கேள்வி அதைவிட மோசம். கர்த்தருடைய பந்தியில் ஒன்றாக முழங்கால்படியிட்ட பிள்ளையிடம் அதைக் கேட்கிறவர் இந்த ஊழியத்துக்குத் தகுதியில்லை என்றே சொல்வேன். பண உதவி தேவைப்பட்டால் ஆயர் வழியாகப் போகட்டும். கடன் கொடுத்தவரைக் கண்டால் பிள்ளை ஒளிந்துகொள்வான்.

திருத்தவே கூடாதா என்றால், திருத்தலாம். அப்போஸ்தலர் 18-இல் அப்பொல்லோ என்ற பிரசங்கி ஜெப ஆலயத்தில் பேசுகிறான், அவனுக்குத் தெரிந்தது யோவானின் ஸ்நானம் மட்டும். கேட்டுக்கொண்டிருந்த தம்பதி ஆக்கில்லாவும் பிரிஸ்கில்லாளும் சபை நடுவே எழுந்து மறுக்கவில்லை. அவனைத் தங்களோடு சேர்த்துக்கொண்டு பிறகு விவரிக்கிறார்கள். கிட்டார் சத்தமோ உடுப்போ எதுவானாலும் ஆராதனை முடிந்த வாசலில் வைத்துச் சொல்லாதீர்கள்.

இன்னொன்று, தன்னைப் போலவே ஒருவனை உருவாக்கப் பார்க்க வேண்டாம். ஜெர்மன் மிஷனரி ஷ்வார்ட்ஸ் ஐயர் நெல்லைச் சிறுவன் வேதநாயகத்தைத் தஞ்சாவூருக்கு அழைத்துப் போய்ப் படிக்கவைத்தார். அந்தப் பையன் இன்னொரு ஜெர்மன் மிஷனரி ஆகவில்லை. வேதநாயகம் சாஸ்திரியாராகி, தமிழில் கீர்த்தனை பாடினார். உங்கள் பையன் வீடியோ எடிட்டிங்கில் கெட்டிக்காரன் என்றால் பெரியவர் அதைப் பக்கத்தில் உட்கார்ந்து கற்றுக்கொள்ளட்டும். கொடுக்கவும் தன்னிடம் ஒன்று இருக்கிறது என்று தெரிந்த பிள்ளை நிற்பான்.

தாமிரபரணிக்கரை:

பட்டியலைக் கைவிடச் சொல்லி கமிட்டியில் பேசுகிறேன். வேலைக்கு வெளியூர் போய்விட்டவர்களை என்ன செய்வது? அவர்கள்தான் அதிகம்.

இரண்டாம் மணி:

போன பிறகு தேடுவது கடினம், போகும் முன்பே தொடங்குங்கள். ஹாஸ்டலோ மேன்ஷனோ உறுதியான அன்றே, நடந்து போகிற தூரத்தில் எந்தச் சபை, ஆராதனை எத்தனை மணிக்கு, தமிழா ஆங்கிலமா என்று பெரியவரும் பிள்ளையும் சேர்ந்து பார்த்துவைக்கட்டும். ஆயர் கையால் ஓர் அறிமுகக் கடிதம், அங்குள்ள சபையில் ஒருவருடைய போன் நம்பர். முதல் மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் முக்கியம். அந்த மூன்று வாரமும் பெரியவர் சாயங்காலம் கூப்பிட்டு, சாப்பாடு எப்படி, ரூமில் யார் யார் என்று விசாரிக்கட்டும். "கோயிலுக்குப் போனாயா" என்பது முதல் கேள்வியாக வேண்டாம், பொய் சொல்லப் பழகிவிடுவார்கள். ஷிப்ட் வேலை என்றால் ஞாயிறு காலை தூங்குகிற நேரம், மாலை ஆராதனை உள்ள சபையாகப் பாருங்கள். அங்கே ஒரு பெரியவர் கிடைத்ததும் உங்கள் ஊர்க்காரர் மாதம் ஒரு போனோடு பின்னால் நகர்ந்துகொள்ளலாம்.