தாமிரபரணி வெள்ளநீர்க் கால்வாய்: கடைமடையின் எதிர்ப்பு

கடைமடை விவசாயி, திருவைகுண்டம்:
வெள்ளங்குளியில் தொடங்கி எம்.எல்.தேரி வரை சுமார் 75 கி.மீ. செல்லும் கால்வாயின் வழியே தாமிரபரணி நீரைக் கருமேனியாறு, நம்பியாறு வடிநிலங்களுக்குக் கொண்டுசென்று, அங்குள்ள குளங்களை நிரப்பும் திட்டத்தை நான் எதிர்க்கிறேன். இதற்காக ஆற்றிலிருந்து நீர் பிரியும் இடமான கன்னடியன், ஆற்றின் எட்டு அணைக்கட்டுகளில் மூன்றாவது. அதற்குக் கீழே அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர், திருவைகுண்டம் என ஐந்து இருக்கின்றன. நீர் குறைந்த ஆண்டுகளில் மேல் கால்வாய்களுக்கு மட்டும் கார் எனும் முதல் போக நெல் சாகுபடிக்குத் தண்ணீர் திறந்தபோது, கடைமடையில் நாங்கள் வயலைத் தரிசாகப் போட்டிருக்கிறோம். எங்கள் பங்கே உறுதியாகாத நிலையில், தலைப்பகுதியில் இன்னொரு வாய் திறப்பது எப்படி நியாயமாகும்?

மானாவாரிக்காரர், நாங்குநேரி வட்டம்:
அண்ணாச்சி, இது வெள்ளநீருக்கான கால்வாய். பிசானம் எனும் உங்கள் அடுத்த நெல் போகத்துக்கான நீரில் ஒரு சொட்டும் எங்களுக்கு வேண்டாம். 2009ஆம் ஆண்டு பணி தொடங்கிய நாள் முதல் நாங்கள் காத்திருந்தோம். எங்கள் ஊர்க் குளம் நிரம்பினால்தான் கிணறு ஊறும். கிணறு ஊறினால்தான் வாழை பிழைக்கும். 2023 டிசம்பரில் ஏரல் வரை மூழ்கியதே, அந்த நீரில் ஒரு பகுதியாவது எங்கள் பக்கம் திரும்பியிருந்தால் உங்களுக்கும் நன்மைதானே? அத்தனையும் வீணாகக் கடலில் கலந்தது.

கொடிக்கால் விவசாயி, ஆத்தூர்:
'வீணாக' என்ற சொல்லை மட்டும் தயவுசெய்து தவிர்க்க வேண்டுகிறேன். ஆற்றின் முகத்துவாரப் பகுதியில் நன்னீர் தள்ளாவிட்டால் கடல் உள்ளே வரும். முக்காணி, ஆத்தூர்ப் பகுதியில் நிலத்தடி நீர் உவர்ப்பாவதை நாங்கள் வாயில் ருசித்தே அறிகிறோம். வெற்றிலைக் கொடி உப்பைத் தாங்காது. புன்னைக்காயலில் வலை வீசுகிறவர்களுக்கும் ஆற்றுநீர் கடலைச் சேர்வது தேவை.

கடைமடை விவசாயி, திருவைகுண்டம்:
2023 வெள்ளத்தைப் பற்றித் தம்பி கேட்டது சரியான கேள்வி. மலையிலிருந்தும் பெரும் நீர் வந்தது என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 செ.மீ.க்கும் அதிகமாகக் கொட்டிய மழை, கன்னடியனுக்கு வெகு கீழே பெய்தது. பச்சையாறும் சிற்றாறும் தாமிரபரணியில் சேர்வதும் அதற்குக் கீழேதான். மேலே இருக்கும் கால்வாய் அந்த நீரை எப்படி எடுக்கும்? எங்களைக் காத்திருக்க வேண்டியவை கரை உயர்த்தி, தூர்வாரி வைக்கப்பட்ட எங்கள் குளங்கள்தாம்; அவற்றில் பல அன்று உடைந்தன.

மானாவாரிக்காரர், நாங்குநேரி வட்டம்:
குளங்களைத் தூர்வார வேண்டும் என்பதில் நமக்குள் வேறுபாடு இல்லை. ஆனால் வரத்தே இல்லாத எங்கள் குளத்தைத் தூர்வாரி என்ன செய்வது? வெள்ளக் காலத்தைத் தவிர மதகு திறக்கக் கூடாது என்று விதி எழுதினால் ஒப்புக்கொள்வீர்களா?

கடைமடை விவசாயி, திருவைகுண்டம்:
திருவைகுண்டம் அணைக்கட்டைத் தாண்டி நீர் வழிந்த பிறகே கன்னடியனில் அந்த மதகு திறக்கப்பட வேண்டும்; திறக்கும் அளவும் நாளும் இரு பகுதி விவசாயிகளும் பார்க்கும்படி அன்றன்றே எழுதி வைக்கப்பட வேண்டும். அந்த விதி அரசாணையாக வரும்வரை என் எதிர்ப்பு நீடிக்கும், தம்பி.